கையொப்பம் சம்மதமாகாது

2005ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஐந்து மாதங்கள் நான் பொய் சொல்லிச் சம்பாதித்தேன். வாய் திறந்து சொன்ன பொய்யல்ல. சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்த பொய். அதைப் பற்றி எழுத இருபது வருடங்களுக்கு மேல் எடுத்துவிட்டது. இப்போதாவது எழுதாவிட்டால், ஆய்வு அறம் பற்றி மற்றவர்களுக்குப் பாடம் சொல்லும் தகுதி எனக்கில்லை.

2004 டிசம்பர் 26 கடல் பொங்கியதில் பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுவதும் தகரக் கொட்டில்களும் கூடாரங்களுமாகக் கிடந்த நாட்கள் அவை. முதலில் நிவாரணம் வந்தது. நிவாரணத்தின் பின்னால் வினாக்கொத்துக்கள் வந்தன. மனநலம், பெண்களின் நிலை, குடும்ப வன்முறை, இனங்களுக்கிடையிலான உறவு என்று ஒவ்வொரு வாகனத்திலும் ஒவ்வொரு தலைப்பு வந்திறங்கியது. நான் அப்போது நியமனம் கிடைக்காத பட்டதாரி. ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். ஓர் ஆய்வுக் குழு என்னை மொழிபெயர்ப்பாளராக அமர்த்திக்கொண்டது.

ஒவ்வொரு நேர்காணலுக்கும் முன்னால் இரண்டு பக்கப் படிவமொன்றில் கையொப்பம் வாங்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி எங்கேயோ தமிழாக்கிய படிவம். “பங்குபற்றுநர் எச்சந்தர்ப்பத்திலும் பாதகமெதுவுமின்றி விலகிக்கொள்ளும் உரித்துடையவராவார்” என்ற பாணியில் இருக்கும். பட்டதாரியான நானே இரண்டு தடவை வாசித்துத்தான் விளங்கிக்கொண்டேன். ஒரு நாள் ஒரு ராத்தா அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

“இதுல கையெழுத்து வெச்சா ஊடு கெடைக்குமா தம்பி?”

ஆய்வாளர் என் பக்கம் திரும்பி, அவர் என்ன கேட்கிறார் என்றார். சம்மதம் என்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ராத்தா கையொப்பமிட்டார். ஒலிப்பதிவுக் கருவி ஓடத் தொடங்கியது.

இப்போது யாராவது என்னிடம் ‘விபரமறிந்த சம்மதம்’ என்று சொன்னால் எனக்கு அந்தக் கொட்டில்தான் ஞாபகம் வருகிறது. விபரம் அறிந்தவன் நான். சம்மதம் கொடுத்தவர் அவர். இரண்டையும் சேர்த்து ஒரே காகிதத்தில் ஒட்டிவிட்டோம்.

*

இரண்டு வருடங்களுக்குப் பிறகு அந்த ஆய்வு அறிக்கையாக வெளிவந்தது. ராத்தாவின் பெயரை மாற்றியிருந்தார்கள். அடிக்குறிப்பில் ‘பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன’ என்று பொறுப்போடு எழுதியும் இருந்தார்கள். ஆனால் ஊரின் பெயர் இருந்தது. அவரது குடும்பம் பற்றிய மூன்று விபரங்கள் இருந்தன. அந்த மூன்றும் ஒன்றாகப் பொருந்தும் குடும்பம் எங்கள் பகுதியில் ஒன்றே ஒன்றுதான். அவற்றை இங்கு நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நானும் அதே பிழையை இரண்டாம் தடவை செய்தவனாவேன். அவர் சொன்ன விடயம் என்ன என்பதையும் எழுதப்போவதில்லை. அது நான்கு சுவர்களுக்குள் நடந்த விடயம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அறிக்கையை யாரோ வாசித்தார்கள். வாசித்தவர் இன்னொருவருக்குச் சொன்னார். ஒரு கிழமைக்குள் அது சந்தைக்கு வந்துவிட்டது. ஒரு திருமணப் பேச்சு முறிந்தது. உறவுக்காரர்கள் அந்த வீட்டுப்படி ஏறாமல் விட்டார்கள். ஆய்வுக் குழு நாடு திரும்பி வெகு காலமாகியிருந்தது. படிவத்தின் அடியில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு நான் அழைத்துப் பார்த்தேன். அந்த இலக்கம் பாவனையில் இல்லை. எந்நேரமும் விலகிக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். எந்த வாசலால் விலகுவது என்பதைத்தான் எழுதவில்லை.

அந்த ஆய்வாளர் கெட்டவரல்லர். கண்ணீரோடு கதை கேட்டவர், தன் கைக்காசைக் கொடுத்தவர். என் குற்றச்சாட்டு தனிமனிதரின் குணத்தின் மீதல்ல. நல்லவர்கள் கையிலும் இதே தீங்கு நடக்கும்படி அமைந்திருக்கும் ஒரு நடைமுறையின் மீது. அந்தப் படிவம் ராத்தாவைப் பாதுகாக்க எழுதப்பட்டதல்ல. நாளை யாராவது கேள்வி கேட்டால் “இதோ கையொப்பம் இருக்கிறது” என்று காட்டி ஆய்வாளரும் அவரது நிறுவனமும் தப்பித்துக்கொள்ள எழுதப்பட்டது. நமது சூழலில் சம்மதப் படிவம் என்பது பெரும்பாலும் ஒரு பற்றுச்சீட்டு. கதை கைமாறியதற்கான பற்றுச்சீட்டு.

*

சம்மதம் என்ற இந்தக் கோட்பாடு எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டதால்தான் இந்த நிலை. நாஸி வைத்தியர்கள் முகாம் கைதிகள் மீது நடத்திய பரிசோதனைகளை விசாரித்த நியூரம்பேர்க் நீதிமன்றம், 1947இல் வகுத்த பத்து விதிகளில் முதலாவது விதியே சுயவிருப்பிலான சம்மதம் பற்றியதுதான். ஆனால் அந்த விதிகள் எழுதப்பட்ட அதே காலத்தில் அமெரிக்காவின் அலபாமாவில், டஸ்கீகி என்ற இடத்தில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. 1932இல் தொடங்கிய அரசாங்க ஆய்வு அது. சுமார் 600 கறுப்பின ஆண்கள், பெரும்பாலோர் வறிய விவசாயிகள். அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் நோய் இருந்தது. ‘கெட்ட இரத்தம்’ என்று மட்டுமே அவர்களுக்குச் சொன்னார்கள். நாற்பதுகளில் பெனிசிலின் மருந்து வந்த பின்னும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1972இல் செய்தி நிறுவனமொன்று அம்பலப்படுத்திய பிறகே அது நின்றது. அதன் விளைவாக 1979இல் வெளிவந்த பெல்மொன்ட் அறிக்கைதான் மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்ற மூன்று கொள்கைகளை முன்வைத்தது.

அந்த 600 பேரை அங்கே வரவழைத்தது எது? இலவச வைத்தியப் பரிசோதனை, சூடான சாப்பாடு, அடக்கச் செலவுக்கான உத்தரவாதம். நமது முகாம்களில் அது ஒரு வாளி, ஒரு நுளம்பு வலை, ‘வீட்டுப் பட்டியலில் பெயர் வருமோ’ என்ற எதிர்பார்ப்பு. இல்லாதவரிடம் சம்மதம் கேட்கும்போது அவர் ‘ஓம்’ என்று சொல்வது நமது கேள்விக்கான பதிலல்ல. அவரது இல்லாமைக்கான பதில்.

இதைச் சொல்ல வெளிநாட்டவர் தேவையில்லை. அதுல சுமதிபால, சிசிர சிறிபத்தன ஆகிய நமது நாட்டு மருத்துவ ஆய்வாளர்கள் சுனாமிக்குப் பிந்திய இலங்கையில் ஆய்வு அறம் படும் பாட்டைப் பற்றி 2005இலேயே ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். வறிய நாடுகளில் சம்மதம் பெறும்போது ஆய்வாளருக்கும் பங்குபற்றுபவருக்கும் இடையில் நடுநிலையான குறைகேள் அதிகாரி ஒருவர் வேண்டும் என்றும் அவர்கள் வாதிட்டிருக்கிறார்கள். நமது கரையோரத்துக்கு அப்படியொருவர் வரவில்லை. என்னைப் போன்ற நாட்கூலி மொழிபெயர்ப்பாளர்தான் வந்தோம்.

மருந்துப் பரிசோதனை உடம்பைத் தொடுகிறது, சமூக ஆய்வு வெறுமனே கதை கேட்கிறது, அதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளம் பகுதியில் தஞ்சமடைந்தார்கள். அந்த ஓலைக் கொட்டில்களுக்கு எத்தனை குழுக்கள் வந்து போயிருக்கும்! வெளியேறிய அந்த நாளை மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்பதே ஒரு காயம். கேட்டவர் பட்டம் பெற்றார். சொன்னவருக்குக் கூரைகூடக் கிடைக்கவில்லை. இதை வெறும் கதை கேட்டல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

*

அடுத்து, இரகசியம் காப்போம் என்ற வாக்குறுதிக்கு வருவோம். இதில்தான் ஆய்வாளர்கள் தெரிந்தோ தெரியாமலோ மிகப் பெரிய பொய்யைச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவின் பொஸ்டன் கல்லூரி 2001இல் ஒரு வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. வட அயர்லாந்து மோதலில் ஈடுபட்ட இரு தரப்பு ஆயுதக் குழுக்களின் முன்னாள் உறுப்பினர்களிடம் இரகசியமாக நேர்காணல்கள் எடுக்கப்பட்டன. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை இவை வெளியே வராது என்று உறுதி கொடுத்தார்கள். கல்லூரிக்கும் திட்டப் பணிப்பாளருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில், அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு என்ற நிபந்தனை இருந்தது. நேர்காணல் கொடுத்தவர்கள் கையொப்பமிட்ட காகிதத்தில் அது இருக்கவில்லை. 2011இல் பிரித்தானிய அதிகாரிகள் அமெரிக்க நீதிமன்றத்தின் ஊடாக ஒலிப்பதிவுகளைக் கேட்டார்கள். நீண்ட வழக்குக்குப் பிறகு 2013இல் ஒரு பகுதி பொலிஸார் கைக்குப் போனது. 2014இல் கைதுகள் நடந்தன. 2019இல் ஒரு வழக்கில் அப்பதிவுகள் நம்பத்தகுந்த சாட்சியமல்ல என்று நீதிபதி ஒதுக்கிவிட்டார் என்பது உண்மைதான். ஆனால் பேசியவர்கள் அதுவரை வாழ்ந்த பயத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பி எடுக்காது.

பணமும் சட்டத்தரணிகளும் உள்ள ஒரு கல்லூரியால் காப்பாற்ற முடியாத வாக்குறுதியை, கல்முனையில் மடிக்கணினியோடு வந்திறங்கும் ஒரு ஆய்வு மாணவர் எப்படிக் காப்பாற்றுவார்? 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, குற்றம் பற்றித் தெரிந்தும் பொலிஸாருக்கு அறிவிக்காமல் இருப்பதையே குற்றமாக்கியது. அந்தச் சட்டத்தின் நிழலில் ஆண்டுக்கணக்காக எத்தனை நேர்காணல்கள் நடந்தன! எத்தனை படிவங்களில் அந்தப் பிரிவு பற்றி ஒரு வரி இருந்தது? நான் காவிய படிவங்களில் இருக்கவில்லை.

2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பிறகு ‘தீவிரவாதம்’ பற்றிக் கேட்க நமது ஊர்களுக்கு வந்தவர்களும் முழு இரகசியம் என்றுதான் சொன்னார்கள். அந்தக் காலத்தில் நமது சொற்களுக்கு என்ன நடந்தது என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கவிஞர் அஹ்னாப் ஜஸீம் ‘நவரசம்’ என்ற கவிதை நூலுக்காக 2020 மே மாதத்தில் கைதுசெய்யப்பட்டு, 2021 டிசம்பர்வரை தடுப்பில் இருந்து, 2023 டிசம்பரில்தான் குற்றமற்றவராக விடுவிக்கப்பட்டார். அச்சில் வந்த கவிதைக்கே இந்த நிலை என்றால், எவரோ ஒருவருடைய கணினியில் கிடக்கும் ஒரு தாயின் ஒலிப்பதிவு பிழையான கையில் அகப்பட்டால் என்ன ஆகும்? காப்பாற்ற முடியாததைப் பதிவுசெய்யாதே என்பதுதான் இங்கு முதல் விதியாக இருக்க வேண்டும்.

*

இதுவரை வெளியிலிருந்து வருபவர்களைச் சாடினேன். உள்ளே இருப்பவர்களைச் சாடாமல் விட்டால் அது கோழைத்தனம்.

நமது ஊர்களில் ஆய்வாளர் முதலில் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் போகிறார். அது மரியாதை. பிழையில்லை. பிழை அதற்குப் பிறகு தொடங்குகிறது. தலைவர் ‘சரி’ என்று சொன்னால் ஊரிலுள்ள பெண்கள் அனைவரும் சம்மதித்துவிட்டதாக இரு தரப்பும் எடுத்துக்கொள்கின்றன. ஊருக்குள் வர அனுமதி வேறு. ஒரு பெண்ணின் வாயைத் திறக்க அனுமதி வேறு. முதலாவதை நிர்வாகம் கொடுக்கலாம். இரண்டாவதை அந்தப் பெண் மட்டுமே கொடுக்கலாம். நேர்காணலில் மாமியார் பக்கத்தில் இருக்க வேண்டும், மௌலவி பக்கத்து அறையில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுபவர்கள் பாதுகாப்பு என்ற பெயரில் காவல் போடுகிறார்கள்.

இது புதிய நோயல்ல. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் எழுதப்பட்டபோது, விவாகப் பதிவில் மணமகனின் கையொப்பத்தையும் வலியின் கையொப்பத்தையும் கேட்டது. மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. அந்தச் சட்டத்தைச் சீர்திருத்த 2009இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் ஸலீம் மர்ஸூப் தலைமையிலான குழு தனது அறிக்கையைக் கையளிக்கவே 2018 ஆகிவிட்டது. மணமேடையில் ஒரு பெண்ணின் கையொப்பத்தைத் தேவையற்றது என்று பல தசாப்தங்கள் விட்டுவைத்த சமூகம், ஆய்வாளரின் படிவத்தில் அவள் கையொப்பத்துக்கு மதிப்பில்லை என்று இப்போது கோபப்பட்டால் அதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கோபத்திலிருந்துதான் “ஆய்வே வேண்டாம், ஊர் மானத்தை ஏன் விற்க வேண்டும்” என்ற குரல் எழுகிறது. எனது வாதத்தைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள இந்தக் குரலுக்கு நான் இடமளிக்க மாட்டேன். காழி நீதிமன்றங்களில் பெண்கள் பட்ட துன்பம் வெளியே தெரிந்ததற்குக் காரணம், சிலர் போய்க் கேட்டதும் சில பெண்கள் துணிந்து சொன்னதும்தான். வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் வரலாற்றில் நின்றதும் அப்படித்தான். சொல்லாதே என்று தடுப்பவரும், சொன்னதைக் கேளாமலே அச்சேற்றுபவரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். கதைக்கு உரியவரிடமிருந்து கதையைப் பறிக்கிறார்கள்.

கடைசியாக நாம். எழுத்தாளர்கள். எங்களுக்கு நெறிமுறைக் குழு இல்லை, படிவம்கூட இல்லை. பக்கத்து வீட்டுத் தலாக்கை, மத்திய கிழக்குக்குப் போய்த் திரும்பி வந்தவளின் மௌனத்தை, பெயரை மாற்றிச் சிறுகதையாக்கிப் பரிசும் வாங்கியிருக்கிறோம். புனைவு என்ற சொல் எங்களுடைய பற்றுச்சீட்டு. நானும் அப்படி இரண்டு கதைகள் எழுதியிருக்கிறேன். புனைவுக்குச் சுதந்திரம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அமானிதமாகச் சொல்லப்பட்டதை எழுதுமுன் சொன்னவரின் வாசலுக்கு ஒரு தடவை போய் வருவதால் எந்த இலக்கியமும் செத்துவிடாது.

*

“நெறிமுறைக் குழுக்கள் இருக்கின்றனவே, இதைவிடக் கடுமையாக்கினால் ஆய்வே நடக்காது” என்று பல்கலைக்கழக நண்பர்கள் சொல்கிறார்கள். குழுக்கள் இருக்கின்றன. அவை காகிதத்தைப் பார்க்கின்றன, கொட்டிலைப் பார்ப்பதில்லை. இன, மத, உடல்நலத் தகவல்களை விசேட வகையாகக் கருதும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் இயற்றப்பட்டது. அதையும் காகிதமாக்கிவிட நமக்குத் தெரியும். நான் கேட்பது அதிகமல்ல.

கையொப்பத்துக்கு முன்னால், ஊர்த் தமிழில், வாயால் விளக்குங்கள். விளங்கியதா என்று கேட்காதீர்கள். விளங்கியதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். விளக்கும் நாளும் நேர்காணல் நாளும் வேறாக இருக்கட்டும். இடையில் ஓர் இரவாவது அவர் யோசிக்கட்டும். நிவாரணம் கொடுக்கும் கை படிவத்தை நீட்டக் கூடாது. பெயரை மாற்றினால் போதாது. ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை என்று அடையாளம் காட்டும் ஒவ்வொன்றையும் ஊராரின் கண்ணால் பாருங்கள். அறிக்கை இப்போது கொழும்பு நூலகத்தின் அலுமாரியில் தூங்குவதில்லை. அடுத்த நாளே ஊர்ப் பையனின் கைபேசியில் வந்துவிடுகிறது. அச்சுக்குப் போகுமுன் அவரைப் பற்றி எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எதை உங்களால் காப்பாற்ற முடியாது என்பதை முதலில் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரைப் பயிற்றுவியுங்கள். “ஊடு கெடைக்குமா” என்ற கேள்வியை “சம்மதம்” என்று மொழிபெயர்க்கும் இன்னொருவனை உருவாக்காதீர்கள்.

இக்கட்டுரையை எழுதுமுன் அந்த ராத்தாவிடம் போனேன். எழுதியதை முழுவதும் வாசித்துக் காட்டினேன். அன்று நான் ஆங்கிலத்தில் சொன்னது என்ன என்பதையும் முதன்முறையாகச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். ஒரு பந்தியை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன். மற்றதைப் போடலாம் என்றார். புறப்படும்போது சொன்னார்:

“அண்டைக்கும் இப்பிடி வாசிச்சுக் காட்டியிரிந்தா, நான் வேணாமெண்டு செல்லியிரிப்பன் தம்பி.”

ஆகவே, நாளை உங்கள் வீட்டுக்கும் ஒருவர் படிவத்தோடு வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நான் சொல்வதை யார் யார் வாசிப்பார்கள்? பொலிஸ் கேட்டால் கொடுப்பீர்களா? பிறகு வேண்டாம் என்று தோன்றினால் நான் யாரிடம், எந்த ஊரில், எந்தக் கதவைத் தட்டுவது? மூன்றுக்கும் பதில் வரும்வரை பேனையைத் தொடாதீர்கள். பதில் சொல்லத் தெரியாதவர் ஆய்வாளராக இருந்தாலும், பள்ளிவாசல் தலைவராக இருந்தாலும், என்னைப் போல ஓர் எழுத்தாளனாக இருந்தாலும், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.